வடைக்கும் வாடைக்கும் நடுவே

டிசம்பரிலும் சில நாள் ஏசி கேட்கிற டெக்சாஸ் ஊரான ரவுண்ட் ராக்கில், வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கனடாவின் வடகோடியில் உறைந்து கிடக்கும் ஏரிகளுக்கு அடியில் வைரம் தேடுவதுதான் தென்றலின் வேலை. ஒரு ஏரியைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. விமானம் அளந்து அனுப்பும் காந்தப்புல வரைபடங்களைப் பார்த்து, எந்த ஏரியின் கீழே கிம்பர்லைட், அதாவது வைரத்தைச் சுமந்து வரும் பாறை, இருக்கக்கூடும் என்று கைகாட்டுவாள். இதுவரை காட்டிய இடத்திலெல்லாம் வெறும் கருங்கல். இந்தக் குளிர்காலத்தில் ஒரே ஒரு துளை, அதிலும் கருங்கல் வந்தால் கடையைக் கட்டிவிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

பேரில்லாத ஏரிகளுக்குப் பேர் வைப்பதும் அவள் பாடு. வட்டமாக, நடுவில் தீவோடு இருந்ததற்கு வடை என்று வைத்தாள். பக்கத்து ஏரிக்கு, "தென்றலுக்கு எதிர்க்கட்சி வாடைதானே, அதையே வச்சுடு" என்றான் கணவன் சபரிநாதன். அவள் இந்த முறை நம்பியிருந்தது அந்த வாடையைத்தான்.

மார்ச்சில் துளையிடும் இயந்திரத்தைப் பனிமேல் இழுத்துப்போய் நிறுத்திவிட்டுப் படம் அனுப்பினார்கள். பின்னால் குட்டித் தீவு தெரிந்தது.

"ஐயோ சபரி, வடையில கொண்டுபோய் நிறுத்திட்டாங்க!"

"ஸ்பெல்லிங் நீதானே எழுதின?"

"வாடைக்கு ரெண்டு 'ஏ' போட்டேன். டைப்போன்னு நெனச்சு அந்த டேவ் ஒண்ணைத் தூக்கிட்டான்."

"விடு, அங்கயே தோண்டட்டும். லக் இருந்தா வடையிலயும் வைரம்."

"வடையில மிளகுதான் இருக்கும்!"

இயந்திரத்தை நகர்த்தச் சொன்னால் திட்டு விழும்; பனி இளகும் காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சொல்லாமல் விட்டால் வேலையே போகும். போனை எடுத்தாள். வேலையாட்களின் தலைவன் டேவுக்கு முதலில் இரண்டும் ஒன்றாகவே கேட்டது. வாயை நன்றாகத் திறந்து இழுக்கச் சொன்னாள். அவன் இழுத்தான். கூட நின்றவர்களும் சேர்ந்து இழுத்தார்கள். பனிவெளியில் பெரிய மனிதர்கள் குறில் நெடில் படித்துச் சிரிக்கிற சத்தம் டெக்சாஸ் வரை கேட்டது. மறுநாள் இயந்திரம் நகர்ந்தது.

அடுத்த வாரம் இன்னொரு படம் வந்தது. துளையிலிருந்து எடுத்த நீளமான கல்; சாம்பலும் பச்சையுமாக, உடம்பெல்லாம் புள்ளி.

"இதுவா? சிமெண்ட் தூண் ஒடஞ்ச மாதிரி இருக்கு. வைரம் எங்க?" என்றான் சபரி.

"அது லேப்தான் சொல்லணும். ஆனா இது கிம்பர்லைட்டேதான்!" கத்தியவள் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். "சபரி, கடையைக் கட்டல!"