வரிசை கலைந்த தூசி

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் எனக்கு வாய்மொழித் தேர்வு. அப்படியொரு நாளைக் குறித்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை மனதுக்குள் ஏசிக்கொண்டே வட்டிலப்பம் சாப்பிட்டேன்.

நட்சத்திரங்களுக்கு இடையே கிடக்கும் மேகங்களின் காந்தப்புலம்தான் என் ஆய்வு. அங்கே திசைகாட்டி கொண்டுபோக முடியாது. மேகத்துத் தூசியைத்தான் கேட்க வேண்டும். நீளமான தூசித் துணிக்கைகள் புலத்துக்குக் குறுக்காக நிற்கும். அவற்றிலிருந்து வரும் மங்கலான கதிர்வீச்சு எந்தப் பக்கமாக அதிர்கிறதென்று அளந்து, தொண்ணூறு பாகை திருப்பினால் புலத்தின் திசை கிடைக்கும். ஆனால் என் மேகத்தின் நட்டநடுவில் அந்த அதிர்வு எந்தப் பக்கமும் சாயாமல் கலங்கிக் கிடந்தது. அங்கே புலமே இல்லையா என்று கட்டாயம் கேட்பார்கள். பதில் பிசகினால் டாக்டர் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

கல்முனையில் புடவைக்கடை வைத்திருக்கும் என் கணவரைப் பரீட்சகராக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன்.

“தூசி குறுக்கால நிண்டா காந்தமும் குறுக்காலதானே?” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய போனைப் பிடுங்கினேன். காலையில் கடற்கரையில் ஊரே மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்து வரிசை வரிசையாகத் தொழுததை யாரோ ட்ரோனில் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். அந்தப் படத்தைக் காட்டினேன்.

“இதப் பாருங்க மச்சான். கிப்லா வரிசை போற பக்கமாவா இருக்கு?”

“இல்ல, வரிசைக்குக் குறுக்கால.”

“ஓம், அவ்வளவுதான் கதை.”

அவர் விடவில்லை. அடுத்த படத்தைத் தள்ளினார். அதில் தொழுகை முடிந்து எல்லாரும் கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப இதுல கிப்லா எங்கால?” என்று சிரித்தார்.

“விசர்க் கதை கதைக்காம போய்த் தேத்தண்ணி ஊத்துங்க” என்று எழுப்பிவிட்டேன்.

மறுநாள் கணினித் திரையில் இரண்டு பரீட்சகர்கள். மூத்தவர் சிரிக்கிற ஆளாகத் தெரியவில்லை. எடுத்த எடுப்பிலேயே, “நடுவில் புலம் இல்லையென்கிறீர்களா?” என்று கேட்டார். வேறு வழி தெரியாமல் அந்த இரண்டு படங்களையும் திரையில் போட்டேன்.

“இது தொழும்போது. இது முடிந்த பிறகு. ஆட்கள் கலைந்துவிட்டார்கள், ஆனால் அவர்கள் முகம் வைத்துத் தொழுத திசை எங்கும் போய்விடவில்லை. நடுவில் புலம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். அங்கே என் தூசியால் அதைக் காட்ட முடியவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அவர் குனிந்து எதையோ எழுதினார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

“இரண்டாவது படத்தையும் ஆய்வேட்டில் சேர்த்துவிடுங்கள், டாக்டர்” என்றார்.

இணைப்பைத் துண்டித்ததும் மேசையில் தலையை வைத்து விம்மி விம்மி அழுதேன். சத்தம் கேட்டு ஓடிவந்த உம்மா என் முதுகைத் தடவினார்.

“அழாத புள்ள” என்றார். “அடுத்த வருசமும் பரீட்ச வைப்பாங்கதானே.”