ரயில் போட்ட தாளம்

எங்கள் மேல் வீட்டில் ஒரு பெண் பாட்டு கற்றுக்கொள்கிறாள். தம்புரா, தாளம் எல்லாம் அவளுடைய செல்போனுக்குள்ளேயே இருக்கின்றன. சுருதி ரீங்கரித்துக்கொண்டிருக்க, கூடவே 'டிக், டிக்' என்று தாளம் விழுகிறது. நடுவில் யாராவது கூப்பிட்டால் இரண்டும் ஒன்றாக வாயை மூடிக்கொள்ளும். பேசி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடுவாள். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. நான் குறை சொல்ல ஆரம்பித்தால் என் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள் என்பது வேறு விஷயம். அந்த 'டிக், டிக்' கேட்டாலே எனக்கு மூக்கில் நிலக்கரிப் புகை நெடி ஏறும். கலியபெருமாள் ஞாபகத்துக்கு வந்துவிடுவான்.

அறுபதுகளின் நடுவில் நானும் அவனும் சிதம்பரத்தில் சங்கீதக் கல்லூரியில் பாட்டு படித்தோம். கடலூரிலிருந்து தினமும் பாசஞ்சர் வண்டியில் போய்வருவோம். என் வீடு மஞ்சக்குப்பத்தில். அப்பா கோர்ட்டு குமாஸ்தா. நான் 'ஸா' என்று ஆரம்பித்தாலே, "கோர்ட்டுலதான் கூச்சல்னா இங்கயுமாடா?" என்பார். கலியபெருமாள் துறைமுகத்துப் பக்கம் மீனவர் குப்பத்துக்காரன். ஒரே அறை வீடு. பாதியில் வலை, மீதியில் தம்பி தங்கைகள். ஆக, எங்கள் இருவருக்கும் சாதகம் செய்ய வாய்த்த இடம் ரயில் பெட்டிதான். கடைசிப் பெட்டியில் கதவோரம் உட்கார்ந்துகொள்வோம். வாயைத் திறந்தால் கரித்தூளும் உள்ளே போகும்.

அவனுடைய குரல் அப்படியொன்றும் இனிமையானதல்ல, கொஞ்சம் கரகரப்புத்தான். கவனம்தான் அவன் சொத்து. பாட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் கூடை சரிந்தாலும் திரும்ப மாட்டான். எனக்கோ புதுச்சத்திரத்தில் ஏறப்போகும் முறுக்குக்காரனின் குரல் ஆலப்பாக்கத்திலேயே கேட்க ஆரம்பித்துவிடும். என் சுருதி மயிரிழை இறங்கினால் போதும், கண்ணைத் திறக்காமலே, "கீழ போறடா மச்சான், ஏறு" என்பான். நான் லீவு போட்ட நாட்களில் சிதம்பரம் வந்ததே தெரியாமல் கொள்ளிடம் வரை போயிருக்கிறான். அப்புறம் மீன் கூடையோடு அதே வண்டியில் வரும் அவன் அத்தை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். "டேய் கலியா, பாட்டு எங்கியும் ஓடிப் போவாது. வண்டிதான் போயிடும், எறங்கு" என்று முதுகில் ஒன்று வைப்பார்.

கடைசி வருஷம் பல்லவி வந்தது. ஒரே ஒரு வரிதான். அதைத் தாளத்துக்குள் விரித்தும் சுருக்கியும் பாட வேண்டும். கையில் ஓடும் தாளம் மட்டும் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பாடுவோம், வாத்தியார் தாளம் போடுவார். தனியாகப் பாடிப் பழகியது வண்டியில்தான். அதற்குக் கலியபெருமாள் ஒரு வழி கண்டுபிடித்தான். அந்தக் காலத்துத் தண்டவாளத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் 'டடக்' என்று தட்டும். வண்டி வேகம் பிடித்ததும் அந்தத் தட்டோடு தன் கைத் தாளத்தை ஒட்டவைத்துக்கொள்வான். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது வரியை இரட்டை வேகத்துக்குக் கொண்டுபோவான். பாலம் முடிந்ததும் பழைய நடைக்கு இறங்குவான். இம்மி பிசகாது. கூடைக்காரப் பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

"இவ்ளோ நாளு தாளத்த நான் சொமந்தேன் மச்சான். இப்ப அது என்னச் சொமக்குது" என்றான். ஆஹா என்றேன் நான். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு மேதாவிகளுக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

அவன் அப்பா முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டிருந்தார். "பாஸ் பண்ணா பாட்டு வாத்தியாரா போ. இல்லாட்டி எங்கூட கட்டுமரத்துல ஏறு." கடல் என்றால் அவனுக்குப் பயம் கிடையாது. "கடலுக்குப் போனா காது எந்நேரமும் காத்து மேலயே இருக்கணும் மச்சான். அப்புறம் பாட்டுக்கு ஏது காது?" என்றுதான் கவலைப்பட்டான்.

பரீட்சை நடந்தது பெரிய கூடத்தில். பின்னால் தம்புரா மட்டும். மற்றபடி மயான அமைதி. நான் வாசலில் என் முறைக்காகக் காத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு நன்றாகத்தான் ஆரம்பித்தான். வரி ஒரு சுற்று வந்தது. அடுத்த சுற்றில் கை முந்தி ஓட ஆரம்பித்தது. இழுத்துப் பிடித்தான், பிந்தியது. இரட்டை வேகத்துக்குப் போனதும் வரி ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான். மறுபடியும் அதே கதைதான். கண்ணைத் திறந்து, யாரோ வரவேண்டியவர் வராததுபோல் சன்னலைப் பார்த்தான். பரீட்சை வைக்க வந்தவர்களில் ஒருவர், "தாளத்த வீட்லயே வச்சிட்டு வந்துட்டியாப்பா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பரிதாபப்பட்டுக் கேட்டார்.

அவன் கவனம் அன்றைக்கும் சிதறவில்லை. அத்தனை மாதமும் அவன் தன்னைக் கேட்காமல் சக்கரத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான், அவ்வளவுதான். முறுக்குக்காரனிடம் பாதி மனதைப் பறிகொடுத்த எனக்கோ ரயிலோடு ஒட்டிப் பாடத் தெரியாது. விரலை மடக்கி நானாகத்தான் எண்ணித் தொலைக்க வேண்டியிருந்தது. அதனால் நான் தேறினேன். இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

திரும்பும்போதும் அதே கடைசிப் பெட்டி, அதே கதவோரம். வண்டி வேகம் பிடித்ததும் அவன் விரல்கள் தானாக அசைந்தன. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். "அடுத்த தபா எழுதலாண்டா" என்றேன். "அப்பா ஒரு சொல்லு சொன்னா சொன்னதுதான்" என்றான்.

அவன் ஆசைப்பட்ட வேலை எனக்குக் கிடைத்தது. காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டும் கொடிப் பாட்டும் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டினேன். பல்லவியை யார் கேட்டார்கள்? அவன் கடலுக்குப் போனான். வெகு காலம் கழித்து, குடிகாட்டுப் பக்கம் வந்த தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். ஒருநாள் கடலூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"மிஷின் பக்கத்துல நின்னா பல்லவி ஜம்முனு நிக்குது மச்சான்! காதுல பஞ்சு வையி, பஞ்சு வையின்னு உசுர எடுக்குறானுங்க. வச்சா தாளம் எப்பிடி கேக்கும்?"

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிரித்தேன்.

போன வருஷம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். இன்றைய ரயிலில் 'டடக்'கெல்லாம் கிடையாது; வழுக்கிக்கொண்டு போகிறது. வாசலிலேயே அவன் மகள் சொன்னாள்: "கத்திப் பேசினாலும் அப்பாவுக்குக் கேக்காது மாமா. காது சுத்தமா போயிடுச்சி."

என்னை அடையாளம் தெரிந்துகொண்டு பக்கத்தில் உட்காரவைத்தான். பாடு என்று சைகை காட்டினான். வேறெதுவும் வாயில் வராமல் அந்தப் பல்லவியையே பாடினேன். கிழட்டுக் குரல், இரண்டாவது சுற்றிலேயே சுருதி விலகியது, வரி தாளத்தை விட்டு எங்கோ போய் விழுந்தது. எனக்கே காது கூசியது. என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த கலியபெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கொற ஒண்ணும் இல்ல மச்சான், பாடு" என்றான்.