மேசையில் ஒரு தட்டு அன்னாசி

ஆள் எடுக்கிற வேலை பாதி நேரம் ஆளைத் தள்ளுகிற வேலைதான். வேலை கேட்டு எந்த மேசைக்கு முன்னாலாவது உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வடை வாங்கிய நாள்

தெலுக் பங்லிமா காராங்கில் பிளாஸ்டிக் சாமான் செய்கிற ஃபேக்டரி. அங்கே நான் எச்.ஆர். கிளார்க். பிரசவ லீவு அறுபது நாளிலிருந்து தொண்ணூற்றெட்டு நாளாகிறது என்று தெரிந்த அன்று ஆபீஸுக்கே வடை வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு பெற்றவள் நான். அறுபது நாள் முடிந்ததும் பால் கட்டிய மார்போடு ஓடி வந்தவள். சந்தோஷப்படாமல் என்ன செய்வேன்?

மேனேஜரும் ரெண்டு வடை சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே, இனிமேல் ஆள் எடுக்கும்போது கவனம் என்றார். "உள்ள வந்துட்டா நிறுத்த முடியாது லா. கேஸ் ஆயிடும். வாசல்லயே பாத்துக்குங்க."

நான் கண்டுபிடித்தது

முழுகாமல் இருக்கிறாயா என்று நேராகக் கேட்டால் வம்பு. யோசனை என்னுடையது, வேறு யார் மேலும் பழி போட மாட்டேன். வாசலில் பழம் விற்கிற லோரியில் அன்னாசி வாங்கி, நறுக்கி, இன்டர்வியூ மேசையில் வைத்தேன். வயிற்றில் பிள்ளை இருந்தால் நம் பெண்கள் அன்னாசியைத் தொட மாட்டார்கள், கலைந்துவிடும் என்று பயம். சாப்பிடாதவர்களின் ஃபாரம் அடியில் போகும்.

முதல் நாளே ரெண்டு பேர் வயிற்றுப் புண் என்று மறுத்தார்கள். மேனேஜர் என்னைப் பாராட்டினார். "இதுக்குத்தான் எச்.ஆர்ல ஒரு பொம்பளை இருக்கணும்கிறது."

மாலா

போர்ட் கிள்ளானிலிருந்து வந்தாள். புருஷன் கிடங்கில் கால் நசுங்கி வீட்டில் கிடக்கிறான். வாசல் காவலாளி கொட்டகைக்குப் பின்னால் அவள் வாந்தி எடுத்ததை நான் ஜன்னலில் பார்த்துவிட்டேன். தட்டை எடுத்து வைத்திருக்கலாம். பாவி, எடுக்கவில்லை.

தட்டையே பார்த்தாள். ஒரு துண்டு எடுத்து மென்று முழுங்கினாள். நான் கேட்காமலேயே இன்னொன்றும் எடுத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "இனிப்பா இருக்குக்கா."

கேன்டீனில்

வேலை கொடுத்தேன். மூன்றாவது வாரம் டாக்டர் சீட்டோடு எம்சி லீவு போட்டாள். பிள்ளை தங்கவில்லை. திரும்பி வந்தவளிடம், ரெண்டு துண்டு அன்னாசியால் எதுவும் ஆகாது என்று நர்ஸிடம் கேட்டுவந்து சொன்னேன். டாக்டரும் அதைத்தான் சொன்னாராம். என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தாள். "தட்டு எதுக்குன்னு தெரிஞ்சுதான்க்கா தின்னேன். வேலை வேணும்ல."

தொண்ணூற்றெட்டு நாளுக்குப் பயந்த கம்பெனி மாலாவுக்குக் கொடுத்தது நாலு நாள் எம்சி, நான் கொடுத்தது ரெண்டு துண்டு அன்னாசி.