பாய்லர்காரர் ஏற்றுக்கொண்ட பழி

என் அப்பா புருஷோத்தமன் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியின் பாய்லர் ஆபரேட்டர். பிரஷர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். சொந்த ரத்தக் கொதிப்புக்கு அந்த மரியாதை இல்லை. சர்க்கரை ஒன்பது வருடமாக. பீடி அதற்கும் முன்பிருந்து.

ஐம்பது வயதில் விறைப்பு நின்றுபோனது. அம்மாவிடம் சொல்லவில்லை. கூடத்தில் பாய் போட்டுக்கொண்டார். வேறொருத்தி இருக்கிறாள் என்று அம்மா முடிவு செய்தாள்.

"தவளக்குப்பத்துல எவ வூட்டுல தின்னுட்டு வர்ற?"

அவர் மறுக்கவில்லை. இந்தப் பழி அந்த உண்மையைவிட அவருக்குக் கௌரவமாக இருந்தது. கம்பெனியிலும் பரவியது. கூட வேலை பார்த்த இராமதாஸ், "வூட்ல ஒண்ணு, வெளில ஒண்ணு. குடுத்து வச்சவன்யா நீ, மச்சான்!" என்பார். அப்பாவும் சிரிப்பார்.

நான் இ.சி.ஜி. மெஷின் பழுது பார்ப்பவன். ஒருநாள் பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து கேட்டார்:

"டேய், பிரஷர் மாத்திர போட்டா ஆம்பளைக்கு... அது கொறையுமா?"

"இந்த வயசுல உனக்கு எதுக்குப்பா அது?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்த வாரமே மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். ஏழு மாத அட்டைகள், பிரிக்காமல், சாப்பாட்டுப் பையின் அடியில் பிறகு கிடைத்தன.

பாய்லருக்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இராமதாஸ் ஆட்டோவில் கோரிமேடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்த இ.சி.ஜி. மெஷினை முந்தின மாதம் சரிபார்த்தது நான்தான். கோடு பிசகில்லாமல் நேராக ஓடியது.

டாக்டர் என்னிடம் தனியாகக் கேட்டார்: "தாம்பத்தியத்துல ஏதாவது பிரச்சினைன்னு சொன்னாரா?"

"ஒரு தடவ கேட்டார் சார், பிரஷர் மாத்திரையால வருமான்னு. சாப்பாட்டுப் பையில அட்டையெல்லாம் பிரிக்காம கெடக்கு."

"அங்க இருக்கற ரத்தக்குழாய் சின்னது. சர்க்கரை, பீடி, கொதிப்பு எல்லாம் முதல்ல அதத்தான் அடைக்கும். இதயத்துக்கு வர மூணு நாலு வருஷம் ஆகும். சில மாத்திரையாலயும் வரும், சொல்லியிருந்தா மாத்தியிருக்கலாம். நிறுத்தியிருக்கக் கூடாது."

வாய்க்கரிசி போட வந்த பெண்களை அம்மா அழாமல் ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் போனபின் கேட்டாள்:

"அவ வந்தாளாடா?"

"அப்படி யாரும் இல்லம்மா. அவருக்கு ஒடம்பு முடியல. கூடத்துல பாய் போட்டதுலேருந்து, நாலு வருஷமா." எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பனும் புள்ளயும் நல்லா பேசி வச்சிருக்கீங்க. அவ பேரச் சொல்லு."