சென்னம்மாள் நாக்கை இழுத்துக்கொண்ட அன்று

மலைமேல் இருக்கும் பெரக்கரை நாட்டில் சென்னம்மாளின் நாக்குக்குப் பயப்படாத ஆள் கிடையாது. அதே நாக்கைத் தேடி வராத ஆளும் கிடையாது. சாமை உமியோ மிளகுத் தூளோ கண்ணில் விழுந்தால் நேரே அவள் வீட்டுக்குத்தான் ஓடிவருவார்கள். இமையை விரித்துப் பிடித்து நாக்கு நுனியால் ஒரே துழாவல், தூசி வெளியே வந்துவிடும். "கண்ணெ எங்க வெச்சுட்டு நடந்தீங்க?" என்று வசவும் கூடவே வரும். வசவு வாங்காமல் யாரும் திரும்பிப் போனதில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சி முடியச் சில வருஷங்கள் இருந்தபோது நடந்தது இது. அவள் புருஷன் செங்கோடன் மேட்டுக் காட்டில் பாறை பெயர்த்துக்கொண்டிருந்தான். கடப்பாரைத் தலையில் சம்மட்டியால் ஓங்கி அடித்தபோது ஏதோ தெறித்து வலது கண்ணில் பட்டது. வலிகூடப் பெரிதாக இல்லை. மனுஷன் கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து முகத்தை நீட்டினான்.

"ஏ புள்ள, மண்ணு உழுந்திருச்சு. எடுத்துடு."

"ஏனுங்க, மண்ணு உங்களெத் தேடிட்டுத்தான் வருதுங்களா?"

திட்டிக்கொண்டே இமையை விரித்தாள். நாக்கு கண்ணுக்கு வெகு அருகில் போய்விட்டது. அங்கேயே நின்றது. வட்டமாக இருக்க வேண்டிய கண்பாப்பா ஒரு பக்கமாக இழுபட்டுத் துளி போல் நீண்டிருந்தது. கருவிழி ஓரத்தில் சின்னக் கீறல், அதில் கறுப்பாக ஏதோ பிதுங்கியிருந்தது. எத்தனையோ கண்களைப் பார்த்தவள், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"தூசி இல்லீங்க இது. கண்ணு கிழிஞ்சிருக்குது. நாந் தொட மாட்டனுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஊருக்கெல்லாம் எடுக்கற, எனக்கு மட்டும் மாட்டியா? கீழ போனா கண்ணெத் தோண்டிப் போடுவாங்க புள்ள!"

அவனுக்குக் கோபமில்லை, நடுக்கம். அவளுக்கு மட்டும் இல்லையா என்ன?

அதற்குள் விஷயம் தெரிந்து, பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளைக்காரி பாப்பாத்தி கொட்டாங்குச்சியில் தாய்ப்பாலோடு ஓடிவந்தாள். கண்ணுக்கு எது வந்தாலும் அந்த ஊரில் முதல் மருந்து அதுதான். நல்ல மனசு, யார் இல்லையென்றது? சென்னம்மாள் வாங்கிப் பாலைக் கீழே கொட்டினாள். பாப்பாத்தி முகம் சுண்டிப்போயிற்று.

"கோவிச்சுக்காத சாமி. ஒடஞ்ச முட்டைக்குள்ள எதெ ஊத்தறது?"

அந்தக் கொட்டாங்குச்சியையே கழுவித் துடைத்து, கண்ணில் துளியும் படாதபடி, விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் உட்காருமாறு கவிழ்த்துத் துணியால் லேசாகக் கட்டினாள். கசக்கப் போன அவன் கையில் பட்டென்று ஒன்று போட்டாள். போட்டுவிட்டு அந்தக் கையையே பிடித்துக்கொண்டாள்.

செங்கோடனின் அண்ணன் தம்பிகள் தூளி கட்டி, குலுக்காமல் மலையிறக்கினார்கள். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் மிளகு வியாபாரி அமீர் பாஷா வண்டி பூட்டிக் கொடுத்தார். சேலத்து டாக்டர் கண்ணுக்குள் இருந்த இரும்புத் துணுக்கை எடுத்துத் தையல் போட்டார். பார்வை மிஞ்சுமா என்று கேட்டதற்கு, கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்றார். இரண்டு கண்ணையும் கட்டி, தலையை அசைக்கவே கூடாது என்று படுக்க வைத்தார்கள். சென்னம்மாள் சோறு ஊட்டினாள், ஊர்க்கதை பேசினாள், பேச்சு தீர்ந்தபோது திட்டினாள். உள்ளுக்குள் மட்டும் ஒரே அரிப்பு. பேசாமல் நாக்கால் எடுத்திருந்தால் சரியாகப் போயிருக்குமோ? நானே கூட்டிவந்து கண்ணைத் தொலைத்துவிட்டேனோ?

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் அவனுடைய நல்ல கண்ணை மூடி, விரல்களைக் காட்டினார்.

"எத்தனை?"

"தெரியலீங்க."

இன்னும் கிட்டே காட்டினார்.

"தெரியலீங்க சாமி."

சென்னம்மாள் வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டாள். செங்கோடன் மெதுவாக முகத்தைத் திருப்பினான்.

"அங்க செவத்தோரமா, செவப்பா ஒண்ணு நிக்குதுங்களே?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். சிவப்புச் சேலை, அதற்குள் நடுங்கிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை.

"ஐயா, அது நாந்தானுங்க!" என்று ஆஸ்பத்திரியே அதிரக் கத்திவிட்டு ஓவென்று அழுதாள் சென்னம்மாள்.