கார் வளர்ந்த ஞாயிற்றுக்கிழமை

ஒழுங்காக எழுத்துக்கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே எனக்குத் தபால்காரன் உத்தியோகம் கிடைத்துவிட்டது. அலைச்சல் அதிகமில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும்தான்.

அம்மாவின் தம்பியான மாமா ஹட்டனில் ஒரு கராஜில் வேலை செய்தார். ஞாயிறு தவறாமல் அக்காவைப் பார்க்க வந்து ஒரு சுவரோரம் உட்காருவார். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, மறு சுவரோரம் அடுப்படியில் இருப்பாள். நடுவில் நான்.

“சோறு போடவான்னு ஒங்க மாமாவக் கேளு” என்பாள் அத்தை.

நான் திரும்பி, “சோறு போடவான்னு அத்தை கேக்குறாங்க மாமா” என்பேன்.

“கொஞ்சமாப் போடச் சொல்லு.”

“கொஞ்சமாவாம் அத்தை.”

இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். பிறகு நான் எதற்கு என்பதுதான் தெரியவில்லை. பெரியவர்கள் விஷயம் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு முந்தின தீபாவளிக்கு அப்பா, அத்தையை மாமாவுக்குக் கட்டிக்கொடுக்கும் பேச்சை எடுத்தாராம். சொந்தமாக ஒரு கராஜ் போட்ட பிறகுதான் கல்யாணம் என்றாராம் மாமா. அடுப்படியில் அதைக் கேட்ட அத்தை, கொதிக்கிற சட்டியை இறக்கிவைத்தாளாம். அன்று முதல் மாமாவிடம் நேரே ஒரு வார்த்தை கிடையாது. மாமாவும் வீம்பில் குறைந்தவரில்லை. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தைக்குக் கொழும்பில் கார்மெண்ட்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை காலை ரயிலில் போகப்போகிறாள் என்பதுதான்.

அம்மாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. “தடுக்க வேண்டிய ஆளு வாயத் தொறக்கல. நாம சொல்லி என்னா ஆகப்போகுது?” என்று அப்பாவிடம் புலம்பினாள். அந்த ஆள் யார் என்று கேட்டேன். பதிலுக்குத் தலையில் ஒரு குட்டு கிடைத்தது.

அந்தத் திங்களுக்கு முந்தைய ஞாயிறுதான் சின்னதொரையின் கார் கொழுந்து நிறுக்கும் எங்கள் மடுவத்துக்கு, மாமாவிடம் ரிப்பேருக்காக வந்தது. சின்னதொரை எங்கள் தோட்டத்தின் இளம் அதிகாரி. அவரிடம் சிவப்பு நிறத்தில், கூரையில்லாத, இரண்டே சீட் வைத்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மலையேற்றப் போட்டிக்கு ஓட்டுவதற்காக வாங்கியது. எங்கள் தோட்டத்து ரோட்டில் நாலு மாதம் ஓடியதில் அதன் முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. போகும் வழியெல்லாம் யாரோ கதவைத் தட்டிக்கொண்டு போவது போல இருக்கும்.

“புஷ் போயிருச்சு” என்றார் மாமா. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுப்பதில்லை என்பதால் மடுவத்து சீமெந்துத் தரை காலியாக இருந்தது. அங்கேயே காரைத் தூக்கி நிறுத்தி, முன் சக்கரங்களைக் கழற்றி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளை உருவி எடுத்தார். அதன் முனையில் ஒரு ரப்பர் வளையம் காய்ந்த ரொட்டி மாதிரி வெடித்துக் கிடந்தது.

“இவன்தான் புஷ். ரெண்டு இரும்பும் ஒன்னோட ஒன்னு நேரா இடிச்சுக்கக் கூடாதுல்ல? அதுக்கு நடுவுல இவன். அடி பூரா இவனுக்குத்தான்.”

எனக்கு அந்த ரப்பரை ஏனோ உடனே பிடித்துப்போயிற்று.

“வேல முடிஞ்சா மொத ரவுண்டு ஒனக்குத்தான்டா” என்றும் சொன்னார். அதற்குப் பிறகு நான் அந்த இடத்தை விட்டு அசைவேனா? புது ரப்பர் வழுக்கட்டும் என்று சவக்கார நுரைத் தண்ணீர் தடவினேன். மாமா அதை இடுக்கியில் வைத்து நெருக்கினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. எல்லாம் சரியாகத்தான் நடந்தது. மாமாவின் கண்தான் அடிக்கடி மேட்டுப்பக்கம் போய்வந்தது. அங்கே அத்தை, கொழும்புக்குக் கொண்டுபோகும் துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் அடித்தபடி இருந்தது. கொழும்பிலிருந்து கூட்டாளிப் பிள்ளை, எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

இரும்புக் கைகளைத் திரும்பப் பொருத்தி, அதன் ஆணிகளை முறுக்கி, சக்கரங்களை மாட்டி, காரைக் கீழே இறக்கினார் மாமா. பார்த்தால், காரின் முன்பக்கம் கொண்டைச் சேவல் மாதிரி நிமிர்ந்துகொண்டு நிற்கிறது.

“மாமா, கார் வளந்துருச்சு!” என்று கைதட்டினேன். என்னைக் கேட்டால் முன்னைவிட அழகாக இருந்தது.

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். “தூக்கி வச்சபடியே முறுக்கிப்புட்டேன்டா.”

சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஆணியை இறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளுமாம். கார் தரையில் நின்றதும் முறுகி முறுகிச் சீக்கிரமே கிழிந்துவிடுமாம். ஆணியை இளக்கிவிட்டு, காரைத் தன் காலில் நிற்கவைத்து, ஓட்டுகிறவர் பாரத்தையும் சீட்டில் ஏற்றிய பிறகுதான் இறுக்க வேண்டுமாம். “கராஜுல கூட்டுற பொடியனுக்கும் தெரியும் இது.”

அவ்வளவு தெரிந்தவர் ஏன் இப்படிச் செய்தார்? கேட்டேன். மாமா கொடியைப் பார்த்தார். எனக்குக் கொடியில் துணிதான் தெரிந்தது.

ரயில்பாதைச் சிலிப்பர் கட்டைகளை அடுக்கி அதன்மேல் சக்கரங்களை ஏற்றி நிறுத்தினோம். இனிப் பாரம் வேண்டும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கொழுந்துத் தராசில் தொங்கினேன். முள்ளைப் பார்த்து மாமா சிரித்தார். “ஈரக் கொழுந்துச் சாக்குகூட ஒன்னவிட நல்லா நிக்கும்டா.”

அப்பா டவுனுக்குப் போயிருந்தார், அம்மா கோயிலுக்கு. மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “சின்னதொர வெயிட்டுக்கு இங்க ஒரே ஆளுதான் இருக்கு. செத்த நேரம் வந்து ஒக்காரச் சொல்லு, ஒங்க அத்தைய.”

தபால்காரன் கடிதத்தைத் திருத்தலாமா? மேட்டில் ஏறி அப்படியே ஒப்பித்தேன். “அத்தை, ஒங்க வெயிட்டும் சின்னதொர வெயிட்டும் ஒன்னாம். கார்ல வந்து ஒக்காரணுமாம்.”

அத்தையின் மூக்கு சிவந்தது. “என் வெயிட்டு அவருக்கு எப்பிடித் தெரியுமாம்?”

கீழே ஓடினேன். மாமா கையிலிருந்த ஸ்பேனரைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாத்தாத் தெரியாதான்னு சொல்லு.”

மேலே ஓடிச் சொன்னேன். அத்தை மடித்த சேலையையே மறுபடி உதறி மடித்தாள். பிறகு இறங்கி வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தொரைசாணி மாதிரி உட்கார்ந்தாள். பக்கத்துச் சீட்டில் நான். மாமா காருக்கு அடியில் போய்விட்டார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

அடியிலிருந்து குரல் வந்தது. “நாளைக்கு எத்தன மணி ரயிலுன்னு கேளு.”

“அது எதுக்கு இவருக்குன்னு கேளு” என்றாள் அத்தை.

“சும்மாதான் கேட்டேன்னு சொல்லு.”

“சும்மா கேக்குற ஆளுங்களுக்கெல்லாம் சொல்ல முடியாதுன்னு சொல்லு.”

நான் எட்டிக் குனிந்து காலிடமும், நிமிர்ந்து அத்தையிடமும் சொல்லிச் சொல்லிக் கழுத்து வலித்தது. அப்புறம் ஸ்பேனர் சத்தம் நின்றுபோயிற்று. கால் அசையவில்லை.

“பிளாஸ்க்குல டீ இருக்கு. ஒங்க மாமாவுக்கு ஊத்திட்டு வா” என்றாள் அத்தை.

“நான் போயிட்டா யாரு சொல்றது?”

“போடா!”

கோப்பையோடு தளும்பத் தளும்பத் திரும்பி வந்தால், காருக்கு அடியிலிருந்து பேச்சு கேட்கிறது. “போகாத புள்ள.”

“கராஜ் போடணும்னீங்க?”

“அது எங்க ஓடிப்போகுது? ஒன்னையும் சேத்துக்கிட்டே போடுவோம்.”

“இதச் சொல்ல இம்புட்டு நாளா மச்சான்?”

“ஒன் மொகத்தப் பாத்தா வாய் வரலையே. இங்க படுத்துக்கிட்டா வருது.”

நான் திகைத்துப்போனேன். ஒழுங்கு முறை என்று ஒன்று வேண்டாமா? என் பங்குக்கு நானும், “போகாத புள்ளன்னு மாமா சொல்றாங்க அத்தை” என்று சொல்லிவைத்தேன்.

அத்தை சிரிப்பை அடக்கமாட்டாமல் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்தாள். ஹார்ன் அலறியது. அடியில் மாமாவின் தலை எதிலோ மோதும் சத்தமும் கேட்டது.

அதன் பிறகு ஆணிகளை இறுக்க மாமாவுக்கு நேரமே ஆகவில்லை. கார் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. மாமா ஓட்ட ஏறினார். அத்தை பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தாளே தவிர இறங்கவில்லை. இறங்கு என்று சொல்ல ஆளுமில்லை.

“மாமா, மொத ரவுண்டு...”

“ஒனக்கு ரெண்டாவது ரவுண்டுடா!”

சிவப்புக் கார் சத்தமே இல்லாமல் தொழிற்சாலை வளைவில் மறைந்தது. அது திரும்பி வருவதற்கும் சின்னதொரை வந்து சாவியை வாங்குவதற்கும் சரியாக இருந்தது. என் ரவுண்டு இன்றுவரை பாக்கி.

கோயிலிலிருந்து வந்த அம்மாவிடம் அழுதபடி முறையிட்டேன்.

“ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?” என்றாள் அம்மா.

“ஆமா. என்னயக் கேக்காமலே.”

அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். என் ரவுண்டு போனதற்கு அவளாவது அழுகிறாளே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

திங்கட்கிழமை அத்தை ரயிலுக்குப் போகவில்லை. பையிலிருந்த துணியெல்லாம் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. கார் சத்தம் நின்றதால்தான் இருந்துவிட்டாள் என்று கணக்குப்போட்டேன்.

அடுத்த ஞாயிறு மாமா வந்து சுவரோரம் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல நடுவில் போய் நின்றேன்.

“சோறு போடவா மச்சான்?”

“போடு, நெறையவே போடு.”

பேச்சு என் தலைக்கு மேலாகவே போய் வந்தது. கார் சரியானதும் இவர்களுக்குக் காதும் எப்படிச் சரியாயிற்று என்று விளங்காமல், யாராவது ஏதாவது சொல்லி அனுப்புவார்கள் என்று அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.