குளிசை முடியும்வரை

கடைசி மிடறை நாகேந்திரம் உடனே விழுங்குவதில்லை. வாய்க்குள் வைத்து இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டி, நாக்கால் உதட்டை நனைத்து, பிறகுதான் உள்ளே அனுப்புவார். மாலையில் வெள்ளவத்தையில் உள்ள சாராய பாரை விட்டு வெளியே வருகிற மற்றவர்கள், வாசலில் நிற்கும் வெற்றிலைக்காரரிடம் கராம்போ ஏலக்காயோ வாங்கி மென்றபடி போவார்கள். வீட்டில் மணம் தெரியக் கூடாது. நாகேந்திரத்தை வெற்றிலைக்காரர் கூப்பிடுவதே இல்லை.

"மணத்துக்குத்தானே தம்பி இவ்வளவும். அதைப் போக்கிறதெண்டால் ஏன் குடிப்பான்?" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அதே வெள்ளவத்தையில், காலி வீதியில், தாஸிம் என்பவரின் கடையில் அவர் தொலைக்காட்சிப் பெட்டி திருத்துகிறார். அதற்கு நாலு கடை தள்ளி ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. கொட்டாஞ்சேனையில் அவர் குடியிருக்கும் வீட்டின் மேல்மாடி அறையில்தான் நான் இருக்கிறேன். ஆகவே பெரும்பாலான மாலைகளில் இருவருக்கும் ஒரே பஸ்.

நாற்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு. சட்டைப் பையில் மின்சாரம் பார்க்கும் சின்னத் திருப்புளி எப்போதும் செருகியிருக்கும். பெட்டியின் முதுகைக் கழற்றியதும் தூசை ஊதிவிட்டு, "எப்ப தொடக்கம் இவருக்கு வருத்தம்?" என்று வீட்டுக்காரரைக் கேட்பார். படம் வந்த நேரத்தில் செய்தி ஓடிக்கொண்டிருந்தால் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு நிறத்தை மட்டும் சரிபார்ப்பார். "செய்திக்குச் சத்தம் என்னத்துக்கு? வாய் அசைஞ்சாக் காணும்." பதில் சொல்ல விரும்பாத கேள்வி எதுவானாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "அது வேற டிப்பார்ட்மென்ற்."

தோளில் மாட்டும் கறுப்புப் பைதான் அவருடைய பெரிய கஷ்டம். ஈயம் பற்றவைக்கும் கோல், வயர்ச் சுருள்கள், பற்றரிகள், பழைய பெட்டிகளிலிருந்து பிடுங்கிய பச்சை மின்சுற்றுப் பலகைகள் எல்லாம் அதற்குள் இருக்கும். மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு, கொழும்பில் தமிழ்ப் பெயரோடு இப்படி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவது சின்ன விஷயம் இல்லை. கொட்டாஞ்சேனைக்குத் திரும்புகிற சந்தியில் இராணுவச் சோதனைக்காக எல்லோரும் இறங்கி வரிசையாக நடக்க வேண்டும். நாகேந்திரத்தின் பையில் உள்ளதை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பிப் பார்த்து முடிவதற்குள் பஸ் போய்விடும்.

ஒருநாள் சிநேகிதர் ஒருவரின் மகளுடைய கலியாண வீட்டில் குடித்துவிட்டு அந்த வரிசையில் நின்றார். சிப்பாய் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து மோந்து பார்த்தான். சிரித்தான். "கொட்டி பொன்னே நே!" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். புலிகள் குடிப்பதில்லை. பையைத் திறக்கவே இல்லை.

அடுத்த நாள் தொடங்கியதுதான் தினமும் இந்தக் கால் போத்தல் சாராயம். பாலேஸ்வரி, அவர் மனைவி, வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவர். அழுது பார்த்தார், மூன்று நாள் கதைக்காமல் இருந்து பார்த்தார். "இது குடி இல்லையப்பா, போக்குவரத்துச் செலவு" என்றார் நாகேந்திரம். மாலை ஏழு மணிக்குக் கணவன் வீட்டுக்குள் வந்தால் சரி என்ற நிலைக்கு அந்த வருஷம் எத்தனையோ பெண்கள் வந்திருந்தார்கள்.

சந்தியில் நிற்கும் சிப்பாயின் பெயர் விமலசேன. நாகேந்திரத்துக்கு அவன் "எங்கட விமலே". விமலேயின் தாய்க்குச் சீனி வருத்தம், தங்கச்சிக்குக் கலியாணம் பேசி நிற்கிறது, வீட்டு ரேடியோ கரகரக்கிறது என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். "அதத் பீலா!" என்று அவன் தோளில் தட்டுவான். இன்றைக்கும் போட்டாச்சா என்று அர்த்தம். இவர் இரண்டு அடி தள்ளாடிக் காட்டுவார். "ஆமியெண்டு எல்லாரையும் ஒரே மாதிரிச் சொல்லக் கூடாது தம்பி. அவன் என்னை ஆளாய் மதிக்கிறவன்" என்று வீடு வரும்வரை எனக்குச் சொல்லுவார்.

போன மாசம் அவருக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியது. கன்னம் விளாம்பழம் மாதிரி வீங்கியது. வெள்ளவத்தையில் ஒரு பெண் பல் டொக்டரிடம் போனார். நானும் கூடப் போனேன். டொக்டர் சீழை எடுத்துவிட்டு, அன்ரிபயற்றிக் இரண்டு வகை எழுதினார்.

"கப்சியூலை விடுங்கோ, அதைவிட இந்த வெள்ளைக் குளிசைதான் முக்கியம். இதைப் பாவிக்கிற நாளில சாராயம் வாயில வைக்கக் கூடாது."

"ஒரு மூடி?"

"இருமல் மருந்தில இருக்கிற அளவுகூட வேண்டாம். வைச்சால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வயிறு பிரட்டிச் சத்தி எடுத்துக்கொண்டே இருப்பீங்கள். குளிசை முடிஞ்ச உடனேயும் தொடங்கப்படாது. அது உடம்பை விட்டுப் போக வேணும். ரெண்டு மூண்டு நாள் பொறுக்க வேணும்."

"டொக்டர், நான் ஆசைக்குக் குடிக்கிறேல்லை" என்று நாகேந்திரம் சந்தியையும் பையையும் பற்றிச் சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஏலுமெண்டால் வீட்டில நில்லுங்கோ" என்றார்.

பாரில் இந்தச் செய்தியை யாரும் நம்பவில்லை. குளிசையும் சாராயமும் சேர்ந்தால் கிருமி இரண்டு மடங்காகச் சாகும் என்றார் ஒருவர். துறைமுகத்தில் வேலை செய்யும் சூசைதாசன் மட்டும் தலையை ஆட்டினார். "வாணாம் அண்ணே. போன வருஷம் இதே மாத்திரையோட அரைக் கிளாஸ்தான் போட்டேன். நெஞ்சப் புடிச்சிக்கிட்டு இந்தா, இந்தத் தரையிலதான் கெடந்தேன்." நாகேந்திரம் அவர் காட்டிய தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடிக்காமலே எழுந்து வந்தார். அன்று சந்தியில் விமலே இல்லை. நின்ற சிப்பாய்கள் வீங்கிய கன்னத்தைக் கண்டு போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் வீட்டில் நின்றார். வீக்கம் வற்றியது. மூன்றாம் நாள், குளிசை இன்னும் முடியாமலே, வேலைக்குப் போனார். மாலை பாருக்குப் போகாமல் ஒன்றாகத்தான் வந்தோம்.

விமலேதான் நின்றான். நாகேந்திரம் தூரத்திலேயே சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. "பேக் எக அரின்ன" என்றான். பையைத் திறந்தார். அவன் பச்சைப் பலகை ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு வயர், பற்றரி. பிறகு சட்டைப் பையிலிருந்த குளிசைகள்.

"மம டீவீ ஹதன கெனா" என்றார் நாகேந்திரம். நான்தான் டீவீ திருத்துகிறவன். குரல் தெளிவாக இருந்தது. தள்ளாட்டம் இல்லை. அவன் அவருடைய முகத்தை ஒரு வினாடி உற்றுப் பார்த்தான். பிறகு கையைப் பின்னால் முறுக்கி, ஜீப்புக்குத் தள்ளிக்கொண்டு போனான். நான் வீட்டுக்கு ஓடிப் போய்ப் பாலேஸ்வரியிடம் சொன்னேன். அவர் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். தீக்குச்சி விரலைச் சுடும்வரை அணைக்கவில்லை.

செய்தி அறிந்து காலையில் கடைக்காரர் தாஸிம் வந்தார். வெள்ளைத் தொப்பி, சலவைச் சட்டை, நல்ல சிங்களம். நாங்கள் மூவரும் பொலிசுக்குப் போனோம். இவர் என்னுடைய ஆள், பையில் இருப்பதெல்லாம் என்னுடைய கடைச் சாமான் என்று தாஸிம் மேசைக்கு மேசை சொல்லிச் சொல்லி, மத்தியானம் வெளியே எடுத்தார். நாகேந்திரத்தின் ஒரு காதோரம் வீங்கியிருந்தது. பாலேஸ்வரி இடியப்பப் பார்சலையும் தண்ணீர்ப் போத்தலையும் நீட்டி, "முதல் சாப்பிடுங்கோ. பிறகு குளிசையைப் போடுங்கோ, ராத்திரிப் போடேல்லைத்தானே" என்றார்.

அன்று பிற்பகல் பாலேஸ்வரி செய்ததைத் தெருவே கதைத்தது. திருநீறும் குங்குமமுமாகச் சாராயக் கடை வரிசையில் போய் நின்றார். ஆம்பிளைகள் விலகி வழிவிட்டார்கள். கால் போத்தல் வாங்கி, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்து, வெறும் தைலப் போத்தல் ஒன்றைக் கழுவி அதில் கொஞ்சம் ஊற்றி, கணவனின் பையில் வைத்தார்.

"சந்திக்கு முன்னம் சட்டையில தடவுங்கோ. வாயில வைச்சியளோ, டொக்டர் சொன்ன சத்தியை நான் அள்ள மாட்டன்."

மறுநாள் பஸ் ஆமர் வீதியைத் தாண்டும்போது நாகேந்திரம் போத்தலைத் திறந்து கொலரிலும் நெஞ்சிலும் தடவினார். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். சந்தியில் இறங்கினோம். விமலே வந்தான். மோந்தான். முகம் மலர்ந்தது.

"ஆ, டீவீ மஹத்தயா! கொஹெத ஹிட்டியே மெச்சர கல்?"

டீவீ ஐயா, இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டான். நாகேந்திரம் இரண்டு அடி தள்ளாடிவிட்டுக் கடந்தார். வீடு வந்து, படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்:

"என்னை ஜீப்பில ஏத்தினது அவன்தான் தம்பி. முந்தாநாள். இதே கையால. ஆளைத் தெரியேல்லை அவனுக்கு."

"கன்னம் வீங்கியிருந்ததாலை ஆளை மட்டுக்கட்டியிருக்க மாட்டான்" என்றார் உள்ளேயிருந்து பாலேஸ்வரி.

"வீக்கம் வத்தித்தானே நான் வேலைக்குப் போனனான்."

"அப்ப என்னெண்டு தெரியாமல் போகும்?"

"அது வேற டிப்பார்ட்மென்ற்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். வழக்கத்தைவிட நெடுநேரம் கழுவினார்.

குளிசைகள் முடியும்வரை தைலப் போத்தல் போய் வந்தது. முடிந்த பிறகும் டொக்டர் சொன்ன நாட்களைப் பொறுத்தார். பிறகு பல்லைக் காட்டப் போனபோது, "இனிக் குடிக்கலாமோ?" என்று கேட்டார்.

"இனி ஒண்டும் செய்யாது. வெறும் வயித்தில மட்டும் வேண்டாம், அளவோட" என்றார் டொக்டர். பிறகு, "வேணுமெண்டால்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

நேற்று மாலை இருவரும் பாருக்குப் போனோம். முதலில் இரண்டு உழுந்து வடை வாங்கிச் சாப்பிட்டார். கால் போத்தல் கேட்கவில்லை, ஒரு கிளாஸ் மட்டும். அதையும் வாயில் உருட்டவில்லை, மருந்து குடிப்பதுபோல் குடித்தார். முகம் சிவக்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. சூசைதாசன் பக்கத்தில் நின்று அவரையே கவனித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் ஆவல அண்ணே!" என்று அவர்தான் மகிழ்ந்தார்.

சந்தியில் பஸ் நின்றபோது இருட்டத் தொடங்கியிருந்தது. விமலே மோந்துவிட்டு, "டீவீ மஹத்தயா!" என்று தோளில் கை போட்டான். பையை அவன் பார்க்கவே இல்லை. "யன்ன, யன்ன" என்று கையைக் காட்டினான்.

நாகேந்திரம் போகவில்லை. அடையாள அட்டையை எடுத்து, படம் வெளியே தெரியும்படி தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தேவையில்லை, போங்கள் என்று அவன் சிரித்தபடி மறுபடியும் சொன்னான். அவர் அசையவில்லை. எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. நடத்துநர் பஸ்ஸைத் தட்டினார். விமலேயின் சிரிப்பு நின்றது. டோர்ச்சை எடுத்து முதலில் அட்டையில் அடித்தான். பிறகு முகத்தில் அடித்தான். நாகேந்திரம் கண்ணை மூடாமல், அட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.